கடன் காகிதத்தைத் தமிழில் கேளுங்கள்!

மகன் அமெரிக்காவுக்குப் போகிறான். மகள் ஜெர்மனிக்குப் போகிறாள். மேல்படிப்பு!

ஒரு காலத்தில் இது ஜமீன்தார் வீட்டுச் செய்தி. இன்று மளிகைக்கடைக்காரர் வீட்டுச் செய்தி. பள்ளிக்கூட ஆசிரியர் வீட்டுச் செய்தி. பஸ் கண்டக்டர் வீட்டிலும் நடக்கிறது.

நல்லது. படிக்கட்டும்.

ஆனால், அந்தப் படிப்புக்குப் பணம் எங்கே இருந்து வருகிறது?

பெரும்பாலான வீடுகளில் அது கடன். வங்கிக் கடன்.

படிக்கப் போகிறவருக்கு வயது 22. சம்பளம் இல்லை. சொத்து இல்லை. அவரை மட்டும் நம்பி எந்த வங்கியும் 40 லட்சம் ரூபாய் கொடுக்காது. ஆகவே, அப்பாவைக் கூப்பிடுகிறார்கள். அம்மாவையும் கூப்பிடுகிறார்கள். மேஜை மேல் ஒரு கட்டுக் காகிதம்.

"இங்கே ஒரு கையெழுத்து. இங்கே ஒரு கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் ஒன்று."

அப்பா கையெழுத்துப் போடுகிறார். காகிதம் முழுவதும் ஆங்கிலம். அவர் படித்தது தமிழ். "பையன் படித்துப் பார்த்திருப்பான்" என்று அப்பா நினைக்கிறார். "அப்பா கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்" என்று பையன் நினைக்கிறான். அவன் மனசு ஏற்கனவே விமானத்தில் ஏறிவிட்டது.

ஆக, அந்தக் காகிதத்தை யாரும் படிக்கவில்லை!

தமிழில் தரவேண்டும் என்பது விதி

இப்படி நடக்கவேண்டிய அவசியம் இல்லை.

ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் மாதம் ஓர் உத்தரவு போட்டது. 2024 அக்டோபர் 1-ந் தேதி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தனி நபருக்குக் கடன் கொடுக்கும் வங்கியும், நிதி நிறுவனமும், அந்தக் கடனின் முக்கிய விவரங்களை ஒரு தனித் தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு 'கீ பேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட்' என்று பெயர். 'கே.எப்.எஸ்.' என்று சுருக்கிச் சொல்வார்கள்.

அந்தத் தாள், கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். இது ரிசர்வ் வங்கி சொன்னது. தமிழ்தான் புரியும் என்றால், தமிழில் இருக்கவேண்டும்.

கொடுத்தால் மட்டும் போதாது. அதில் உள்ளதை விளக்கிச் சொல்லவும் வேண்டும். கையில் வாங்கியபிறகு யோசித்து முடிவு செய்ய, குறைந்தது 3 வேலை நாள் அவகாசம் உண்டு. அதற்குள் சம்மதம் சொன்னால், தாளில் கண்ட நிபந்தனைகளை வங்கி மாற்றமுடியாது.

கல்விக் கடனுக்கும் இது பொருந்தும்.

இந்த விதி இருப்பது எத்தனை தகப்பனாருக்குத் தெரியும்? வங்கியில் யாராவது வலிய வந்து சொல்கிறார்களா? கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலை இருந்தால், கேட்கத் தெரிந்தவனுக்கு மட்டும்தான் விதி. வங்கிகள் அதைத் தமிழில் அச்சடித்து, மேஜை மேலேயே வைத்திருக்கவேண்டும். அதுதான் முறை.

ஜாமீன் அல்ல, கடனாளி

அந்தத் தாளோடு, கடன் ஒப்பந்தத்தில் தாங்கள் யார் என்பதையும் பெற்றோர் பார்க்கவேண்டும்.

"மகனுக்குச் சிபாரிசாகத்தானே கையெழுத்துப் போட்டேன்" என்று பலர் சொல்கிறார்கள். அப்படி அல்ல. கல்விக் கடனில் பெற்றோர் கூட்டுக் கடனாளிகள். மகன் கட்டவில்லை என்றால் அப்பா கட்டவேண்டும். மகனைத் தேடிப் பிடித்துவிட்டு, அப்புறம்தான் அப்பாவிடம் வரவேண்டும் என்று சட்டம் கிடையாது. நேராக அப்பாவிடமே வரலாம்.

வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்திருந்தால்? 2002-ம் ஆண்டு வந்த சர்பாசி சட்டம் இருக்கிறது. தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோனால், அது வாராக் கடன் ஆகிவிடும். வங்கி 60 நாள் நோட்டீசு கொடுக்கலாம். அப்படியும் கட்டாவிட்டால், கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலே வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கையில் இறங்கலாம்.

வங்கியைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அது ஊரார் போட்ட பணம். திருப்பித்தான் ஆகவேண்டும். ஆனால், எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து போடவேண்டாமா?

ஈடு இல்லாமலும் கடன் உண்டு. 7½ லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்காமல் கொடுப்பது, இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம். பெயர் பெற்ற பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், அதைவிடப் பெரிய தொகையைக்கூட ஈடு இல்லாமல் கொடுக்கும் அரசு வங்கிகள் இருக்கின்றன. தனியார் நிதி நிறுவனங்களும் கொடுக்கின்றன. அங்கே காகிதம் குறைவு. வேகம் அதிகம். வட்டியும் பெரும்பாலும் அதிகம்!

40 லட்சம் எப்படி 79 லட்சம் ஆகிறது?

இனி கணக்குக்கு வருவோம். பேனாவும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டில் ஒரு கடைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். மகள் என்ஜினீயரிங் முடித்திருக்கிறாள். அமெரிக்காவில் 2 ஆண்டு எம்.எஸ். படிப்பு. 40 லட்சம் ரூபாய் கடன். வட்டி 11 சதவிகிதம். 6 மாதத்துக்கு ஒரு முறை 10 லட்சமாக, 4 தடவையில் வங்கி பணம் அனுப்புகிறது.

"படிப்பு முடிந்து 6 மாதம் வரை தவணை கட்டவேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. மொத்தம் 30 மாதம்!

ஆனால், தவணைதான் இல்லை. வட்டி உண்டு. முதல் 10 லட்சம் போன அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். முதல் 6 மாதம், மாதம் 9 ஆயிரத்து 167 ரூபாய். 10 லட்சம் கூடும்போதெல்லாம் வட்டியும் அதே அளவு கூடும். நாலாவது தடவை பணம் போனபிறகு, மாத வட்டி மட்டும் 36 ஆயிரத்து 667 ரூபாய்.

30 மாதம் முடியும்போது, சேர்ந்த வட்டி 7 லட்சத்து 70 ஆயிரம்.

அதை வங்கி அசலோடு சேர்க்கும். இப்போது கடன் 40 லட்சம் அல்ல. 47 லட்சத்து 70 ஆயிரம். இனிமேல் வட்டிக்கும் வட்டி!

10 ஆண்டில் அடைப்பதாக இருந்தால், மாதத் தவணை சுமார் 65 ஆயிரத்து 700 ரூபாய். 120 மாதம் கட்டி முடிக்கும்போது, மொத்தம் ஏறக்குறைய 79 லட்சம் ரூபாய் போயிருக்கும்.

படிக்கிற காலத்திலேயே அந்தந்த மாத வட்டியை அப்பா கட்டிவந்தால் என்ன ஆகும்? அசல் 40 லட்சமாகவே நிற்கும். தவணை சுமார் 55 ஆயிரத்து 100 ரூபாயாகக் குறையும். கட்டிய வட்டியையும் சேர்த்துப் பார்த்தாலும், மொத்தத்தில் 5 லட்சம் ரூபாய் மிச்சம்.

வட்டியை அப்போதைக்கப்போது கட்டினால், வட்டி விகிதத்தில் ஏதாவது குறைப்பார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். சில வங்கிகள் குறைக்கின்றன. முழு வட்டியும் முடியாதா? பாதியாவது கட்டலாம். கட்டிய அளவுக்கு லாபம்தான்.

இன்னொன்று. வட்டி விகிதம் நிலையானதா, மாறுவதா என்று பாருங்கள். மாறும் வட்டிக் கடனாக இருந்தால், கையில் பணம் வந்தபோது முன்கூட்டியே அடைத்துவிடலாம். அதற்கு அபராதம் போடக்கூடாது.

கடனோடு ஒரு காப்பீட்டையும் சேர்த்துவிடுவது உண்டு. அதன் பிரீமியமும் கடன் தொகையிலேயே ஏறிவிடும். படிக்கிற பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால், கடன் பெற்றோர் தலையில் விழாமல் இருக்க அது உதவும். வேண்டாம் என்று ஒதுக்கவேண்டியது இல்லை. ஆனால் எவ்வளவு, எத்தனை ஆண்டு, யார் பேரில் என்று தெரிந்து வாங்கவேண்டும். பிரீமியம், மற்றக் கட்டணம், வட்டி எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு எத்தனை சதவிகிதம் ஆகிறது என்று அந்தத் தாளில் ஒரே எண்ணாகப் போட்டிருக்கும். இரண்டு வங்கியை ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒரு எண் போதும். வாசல் விளம்பரத்தில் உள்ள எண்ணை மறந்துவிடுங்கள்.

டாலர் சும்மா இராது

கடன் வாங்குவது ரூபாயில். கல்லூரிக்குக் கட்டுவது டாலரில்.

1966 ஜூன் 5-ந் தேதி, ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு. மறுநாள் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஒரே இரவில் டாலர் 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. அன்று அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும்!

அதுபோல ஒரே நாளில் ஏறுவது இப்போது இல்லை. மெல்ல மெல்ல ஏறுகிறது. 2022 ஜூலையில் டாலர் 80 ரூபாயைத் தொட்டது. 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது.

50 ஆயிரம் டாலர் செலவாகும் படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 80 ரூபாய்க் கணக்கில் 40 லட்சம். 90 ரூபாய்க் கணக்கில் 45 லட்சம். கல்லூரி ஒரு டாலர்கூட ஏற்றவில்லை. செலவு மட்டும் 5 லட்சம் ஏறிவிட்டது.

ஆகவே, இன்றைய டாலர் விலைக்குச் சரியாகக் கடன் கேட்பது ஆபத்து. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்டும் நேரத்தில் 2 லட்சம் குறையும். அப்போது வங்கி உடனே கொடுக்காது. கந்துவட்டிக்காரர்தான் உடனே கொடுப்பார்!

பணம் அனுப்பும்போது பிடிக்கும் வரியையும் தெரிந்துகொள்ளவேண்டும். வங்கிக் கடனில் இருந்து படிப்புக்கு அனுப்பும் பணத்துக்கு, 2025 ஏப்ரல் முதல் அந்தப் பிடித்தம் கிடையாது. சொந்தப் பணமாக அனுப்பினால், ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை பிடித்தம் இல்லை. அதற்கு மேல் போனால் உண்டு. வருமான வரிக் கணக்குக் காட்டி அதைத் திரும்பப் பெறலாம். பெறாமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

"அங்கே போய்ச் சம்பாதித்துக்கொள்வான்!"

இந்த ஒரு வாக்கியம் பல குடும்பங்களைக் கவிழ்த்திருக்கிறது.

அமெரிக்காவில் மாணவர் விசாவில் இருப்பவர், படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதுவும் கல்லூரி வளாகத்துக்குள். நூலகத்தில் புத்தகம் அடுக்கலாம். சாப்பாட்டுக்கூடத்தில் தட்டுக் கழுவலாம். கேவலம் ஒன்றும் இல்லை. எல்லா நாட்டுப் பிள்ளைகளும் செய்கிறார்கள். அந்தப் பணம் சாப்பாட்டுக்கும், செல்போனுக்கும், பஸ்ஸுக்கும் கைகொடுக்கும். கல்லூரிக் கட்டணத்துக்குக் காணாது.

வெளியே பெட்ரோல் பங்கிலும் கடைகளிலும் கணக்கில் இல்லாமல் வேலை பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். பிடிபட்டால் விசா போகும். படிப்பும் போகும். கடன் மட்டும் போகாது.

சரி, படித்து முடித்தபிறகு?

பயிற்சி வேலைக்கு 12 மாதம் அனுமதி உண்டு. விஞ்ஞானம், என்ஜினீயரிங், கணிதம் போன்ற படிப்பு என்றால், இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். ஆனால் முதல் 12 மாதத்தில், வேலை இல்லாமல் இருக்கும் நாள் மொத்தம் 90-ஐத் தாண்டக்கூடாது. பிறகு எச்-1பி விசா வேண்டும். ஆண்டுக்கு 85 ஆயிரம் பேருக்குத்தான் அந்த விசா. அதில் 20 ஆயிரம், அமெரிக்காவில் மேல்படிப்பு முடித்தவர்களுக்கு ஒதுக்கீடு. கேட்பவர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு. ஆகவே குலுக்கல்! முதல் வகுப்பில் தேறியவனும் குலுக்கலில் விழாமல் போகலாம்.

2025 செப்டம்பரில், புதிதாக எச்-1பி விசாவுக்கு ஆள் எடுக்கும் கம்பெனி 1 லட்சம் டாலர் கட்டவேண்டும் என்று அமெரிக்க ஜனாதிபதி உத்தரவு போட்டார். அங்கேயே படித்து, அங்கேயே விசா மாற்றுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதம் விளக்கம் வந்தது. நடுவில் எத்தனை வீடுகளில் தூக்கம் போயிருக்கும்!

விதி மாறுவது அமெரிக்காவில் மட்டும் அல்ல. கனடாவில் படிக்கப் போகிறவர், முதல் ஆண்டுச் சாப்பாட்டுச் செலவுக்கு 10 ஆயிரம் கனடா டாலர் காட்டினால் போதும் என்று பல ஆண்டு இருந்தது. 2024 ஜனவரியில் அது 20 ஆயிரத்து 635 ஆயிற்று. 2025 செப்டம்பரில் 22 ஆயிரத்து 895. அந்த நாட்டின் சௌகரியத்துக்கு அவர்கள் விதி செய்கிறார்கள். ஈரோட்டுக் கடைக்காரரின் பத்திரம் எந்த வங்கியில் இருக்கிறது என்று பார்த்து அவர்கள் விதி செய்யமாட்டார்கள்.

இங்கேதான் கணக்கின் முடிச்சு இருக்கிறது.

மாதத் தவணை 65 ஆயிரத்து 700 ரூபாய். டாலரில் சுமார் 730. அமெரிக்காவில் என்ஜினீயர் வேலை கிடைத்துவிட்டால் அது பெரிய பாரம் அல்ல. ஐந்தாறு ஆண்டிலேயே கடனை முடித்து, ஊரில் வீட்டுக்கு மாடியும் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கதைதான் ஊரெல்லாம் தெரிகிறது.

வேலை கிடைக்காமல் திரும்பி வந்தவர் கதை வெளியே வராது. சென்னையில் மாதம் 50 ஆயிரம் ரூபாய் சம்பளத்துக்கு வேலை கிடைக்கிறது என்றால், தவணையே அதைவிட அதிகம். மீதி 15 ஆயிரத்து 700 ரூபாயை அப்பா கட்டவேண்டும். மகள் என்ன சாப்பிடுவாள்? பஸ்ஸுக்கு என்ன கொடுப்பாள்?

பத்திரம் ஈட்டில் இருப்பதால், அடுத்த பிள்ளையின் படிப்புக்கு வைக்க வீட்டில் ஒன்றும் இல்லை. மூத்தவனுக்காக வீட்டை வைத்துவிட்டு, இளையவளை உள்ளூரிலேயே ஏதாவது படி என்று சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. இந்த அநியாயம் எந்த வங்கிக் காகிதத்திலும் எழுதியிருக்காது.

ஆகவே, கடன் வாங்கும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் எழுதவேண்டும். "வேலை கிடைக்காமல் திரும்பி வந்தால், மாதா மாதம் யார், எதிலிருந்து கட்டுவது?" இந்தக் கேள்வி அபசகுனம் அல்ல. கல்யாண வீட்டில் மழைக்குப் பந்தல் போடுவது மாதிரி.

கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்

முதலில் தட்டவேண்டிய கதவு வங்கிக் கதவு அல்ல.

கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் மாதம் சென்னையில் கப்பல் ஏறினார். யார் பணம்? சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை கொடுத்தது. கப்பல் செலவும் கொடுத்தது. அந்தப் பணத்தில் மாதம் 60 ரூபாயைக் கும்பகோணத்தில் இருந்த தாயாருக்குக் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அவர் புறப்பட்டார்.

1919 ஜனவரியில், பல்கலைக்கழகம் மறுபடியும் 250 பவுன் கொடுக்க முன்வந்தபோது, அவர் ஒரு கடிதம் எழுதினார். இது தேவைக்கு மேற்பட்ட தொகை; தன் செலவும் பெற்றோருக்குக் கொடுப்பதும் போக மிச்சத்தை ஏழைப் பையன்களுக்கும் அனாதைகளுக்கும் பள்ளிக் கட்டணமாகக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நோயாளியாகக் கிடந்தபோது எழுதிய கடிதம் அது.

அம்பேத்கர் 1913-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது, பரோடா மகாராஜா சாயாஜிராவ் கொடுத்த உதவித்தொகையில். மாதம் 11½ பவுன், 3 ஆண்டுக்கு. பிறகு லண்டனில் படித்தார். உதவித்தொகை முடிந்ததும், 1917-ல் படிப்பை நடுவில் விட்டுத் திரும்பவேண்டி வந்தது. வேலை பார்த்துச் சேர்த்த பணம், கோலாப்பூர் மகாராஜா செய்த உதவி, ஒரு பார்சி நண்பர் கொடுத்த கடன் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு, 1920-ல் மறுபடியும் லண்டனுக்குப் போய் முடித்தார்.

இன்று மகாராஜாக்கள் இல்லை. ஆனால், கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55 முதல் இருக்கிறது. ஆதிதிராவிடர், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பரம்பரைக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். மொத்தம் 125 இடம்தான். நாடு முழுவதுக்கும் 125! இதை ஆயிரமாக்கினால் என்ன? கேட்கவேண்டியவர்கள் கேட்கவேண்டும். தமிழ்நாடு அரசும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அண்ணல் அம்பேத்கர் பேரில் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் வைத்திருக்கிறது.

அமெரிக்காவுக்கு புல்பிரைட்-நேரு உதவித்தொகை. அதன் எம்.எஸ். பிரிவுக்கு 3 ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். இங்கிலாந்துக்குச் செவனிங். அதற்கு 2 ஆண்டு அனுபவம். இரண்டுமே கல்லூரிக் கட்டணத்தோடு சாப்பாட்டுச் செலவும், விமானச் செலவும் கொடுக்கின்றன. ஐரோப்பாவுக்கு எராஸ்மஸ் முண்டஸ். மாதம் 1,400 யூரோ. டாடா குடும்பத்தின் ஜே.என். டாடா அறநிதி 1892-ல் தொடங்கியது. முன்னாள் ஜனாதிபதி கே.ஆர். நாராயணன் அதன் உதவியோடுதான் லண்டனுக்குப் போனார்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பல வீடுகளில் யாரும் சொல்வதே இல்லை.

அமெரிக்காவில் எம்.எஸ். என்றால் பெரும்பாலும் சொந்தப் பணம். அதே அமெரிக்காவில், விஞ்ஞானத்திலும் என்ஜினீயரிங்கிலும் பி.எச்டி. ஆராய்ச்சி என்றால், நல்ல பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் தாமே பணம் கொடுக்கின்றன. கட்டணம் தள்ளுபடி. மாதச் சம்பளமும் உண்டு. இளைய மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும், பேராசிரியரின் ஆராய்ச்சியில் கூடவேலை செய்வதும் அதற்கு ஈடு. 5, 6 ஆண்டு ஆகும். எல்லோருக்கும் அதில் நாட்டம் இராது. நாட்டம் இருந்தும், பணம் கொடுக்கும் வழி தெரியாமல், பணம் கட்டும் வழியில் போய்ச் சேர்கிறவர்கள் இருக்கிறார்களே!

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணமே இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் மட்டும், வெளிநாட்டு மாணவருக்கு 6 மாதத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்குகிறது. மற்றபடி, ஓர் ஆண்டுச் சாப்பாட்டுச் செலவுக்கு 11 ஆயிரத்து 904 யூரோவை ஒரு தனிக் கணக்கில் போட்டுக் காட்டவேண்டும். அது 2024 செப்டம்பரில் வைத்த தொகை. அந்தப் பணம் எங்கும் போகாது. மாதம் 992 யூரோவாக மாணவருக்கே திரும்பக் கிடைக்கும். அங்கே வேலைக்குப் போக ஜெர்மன் மொழி படித்தாகவேண்டும். அது ஒரு செலவு. பணச் செலவு அல்ல, உழைப்புச் செலவு.

"ஆலோசனை இலவசம்"

இவற்றை ஏன் ஏஜெண்டுகள் சொல்வதில்லை?

வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனைக் கடைகள் இன்று சின்ன ஊர்களிலும் வந்துவிட்டன. வாசலில் 'இலவசம்' என்று பலகை. வாடகை கொடுத்து, நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்து, ஏ.சி. போட்டு, யாராவது இலவசமாகக் கடை நடத்துவார்களா?

பல வெளிநாட்டுக் கல்லூரிகள், ஒரு மாணவர் சேர்ந்தால் ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுக்கின்றன. அதில் தப்பு இல்லை. மாட்டுத் தரகருக்கும் கமிஷன் உண்டு. ஆனால், கமிஷன் கொடுக்காத கல்லூரியை அவர் ஏன் காட்டப்போகிறார்? கட்டணம் இல்லாத ஜெர்மன் பல்கலைக்கழகத்தால் அவருக்கு என்ன லாபம்? "நீங்கள் எந்தெந்தக் கல்லூரியிடம் கமிஷன் வாங்குகிறீர்கள்?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். நல்ல ஏஜெண்ட் சொல்லிவிடுவார்.

கணக்கில் பணம் இருப்பதாகக் காட்ட, சில வாரத்துக்கு மட்டும் பணம் புரட்டித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். விசாவுக்குக் காட்டியது பொய் என்று தெரிந்தால், இந்தத் தடவை மட்டும் அல்ல, மறுபடியும் விசா கிடைக்காமல் போகும். வங்கி கொடுக்கும் கடன் ஒப்புதல் கடிதத்தையே பணத்துக்கு ஆதாரமாகக் காட்டலாம்.

அமெரிக்கக் கல்லூரிகள் ஆகஸ்டில் திறக்கின்றன. மே, ஜூன் மாதங்களில்தான் கடன் காகிதங்கள் வேகமாக ஓடும். "நாளைக்குள் கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும்" என்று அவசரப்படுத்துவார்கள். அந்த நேரத்தில் கே.எப்.எஸ். தாளைத் தமிழில் கேட்கவேண்டும். "ஆங்கிலத்தில்தான் இருக்கிறது" என்று சொன்னால், தமிழில் கேட்டு எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. தமிழிலும் பேசலாம்.

திங்கட்கிழமை தாளை வாங்கினால், நடுவில் விடுமுறை இல்லாதபோது, வியாழக்கிழமை வரை அது வீட்டில் இருக்கலாம். அம்மாவும் படிக்கலாம்.